மேற்குப் பக்கத்து ஆணி

ஜெபமாலைக்குப் பத்து விரலும் இருந்தன. வாள்பட்டறையில் பாதி ஆயுசைக் கழித்த ஒருவருக்கு இதைவிட நல்ல சர்டிபிகேட் வேறு வேண்டியதில்லை. புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் இருந்த ஆத்மநாதனின் பட்டறையில் அவர்தான் வாள்மேஸ்திரி. மற்ற இடங்களில் குழி வெட்டி, மேலே ஒருவன் கீழே ஒருவன் நின்று மரத்தை இழுத்து அறுத்துக்கொண்டிருந்த காலம். இங்கே நீராவி எஞ்சின் ஓடியது. அதன் பெல்ட்டு சுழற்ற, பெரிய அண்டாவின் வாயளவு அகலமான எஃகு வட்டம் ஒன்று இரும்பு மேசையின் நடுவே பாதி தெரிந்தும் பாதி மறைந்தும் சுற்றியது. அதைத்தான் வட்டவாள் என்பார்கள். ஆலங்குடிக்குப் போகிற பஸ்ஸிலிருந்தே அதன் கூச்சல் கேட்கும்.

அவரை நல்லவர் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நல்லவர்தான். ஆனால் நல்லவர் என்ற பெயரைக் காப்பாற்ற ஒருவர் எவ்வளவு தூரம் போவார் என்பதையும் சேர்த்து எழுதாமல் விட்டால், அது ஜெபமாலையைப் பற்றியதாக இருக்காது.

வாள் விஷயத்தில் அவர் யாரையும் நம்பமாட்டார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எவனாவது வாள் பக்கம் வந்தால் போச்சு, அந்தத் துண்டு உலைக்குள் போய்விடும். வேட்டியை இறுக்கித் தார்பாய்ச்சிக் கட்ட வேண்டும். காலையில் எஞ்சினுக்குத் தீ மூட்டுவதற்கு முன்பே வாளைக் கழற்றி, அதில் ஒட்டிய பிசினைச் சுரண்டி, தூக்கிப் பிடித்து ஒரு மரக்கட்டையால் தட்டுவார். கணீரென்று கேட்டால் சரி. சொத்தென்று கேட்டால் எங்கோ விரிசல் விட்டிருக்கிறது, அன்றைக்கு வேலை கிடையாது. பற்களின் இடுக்கை நகத்தால் தடவிப் பார்ப்பார். எல்லாப் பல்லுக்கும் ஒரே அளவு அரம் போட வேண்டும், ஒன்றுவிட்டு ஒன்றை இடமும் வலமுமாகச் சாய்த்துவிட வேண்டும். "மழுங்குன வாளுதான்டா கையக் கேக்கும். கூரா இருந்தா அது மரத்தோட போயிரும்" என்பார். வாளை நிறுத்தக் கட்டையை வைத்து அழுத்துகிறவனைக் கண்டால் அவருக்குக் கண் சிவந்துவிடும். பெல்ட்டைத் தள்ளிவிட்டு, அது தானாக நிற்கும் வரை கைகட்டிக் காத்திருக்க வேண்டும் என்பது அவர் சட்டம்.

இன்னொரு சட்டமும் உண்டு. வாளுக்கு நேரே நிற்கக் கூடாது. வாள் எதிலாவது மாட்டிக்கொண்டால் மரத்தைத் தள்ளுகிறவன் பக்கமாகத் திருப்பி எறியும். ஆகவே தள்ளுகிறவன் எப்போதும் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும். எதிர்ப்புறம் நின்று அறுந்த மரத்தை வாங்குகிறவன் கையால் தொடவே கூடாது. நீளக் கொக்கி போட்டுத்தான் இழுக்க வேண்டும். அப்படி எதிர்ப்புறம் நின்றவன் மூக்கன். ஜெபமாலையைவிடச் சில வயது இளையவன், பேச்சு அதிகம், வேலை சுத்தம். வாள் போடுகிற இரைச்சலில் இருவரும் வாயால் பேசுவதே இல்லை, கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள். மேஸ்திரி புருவத்தைத் தூக்கினால் மூக்கன் கொக்கியைப் போடுவான். அத்தனை நம்பிக்கை.

உலகச் சண்டை வந்து பர்மாத் தேக்கு நின்றுபோனதும் பட்டறைக்கு நாட்டுமரம் வரத் தொடங்கியது. வேம்பு, இலுப்பை, மா, எல்லாவற்றையும்விடப் புளி. பட்டாளத்துக் கூடாரங்களுக்கு முளை வேண்டுமாம், புளியமரத்து வைரம் மாதிரி உறுதி எதற்கும் வராதாம். ஆத்மநாதன் சலிக்காமல் வாங்கிப் போட்டார்.

புளியமரம் என்றால் ஜெபமாலைக்கு ஆகாது. காரணம் ஆணி. பேய் பிடித்தவளைக் கோடாங்கி புளியமரத்தடிக்கு இழுத்துப் போய், உச்சிமுடியில் ஒரு கற்றையை மரத்தோடு சேர்த்து ஆணி அடித்து அறுத்துவிடுவான். பேய் மரத்தில் தங்கிவிடும், பெண் வீட்டுக்குப் போய்விடுவாள். சில வருஷத்தில் பட்டை வளர்ந்து ஆணியை மூடிவிடும். பிறகு மரம் பட்டறைக்கு வரும். மற்ற மரத்தில் இரும்பு இருந்தால் அறுத்த முனையில் கருநீலக் கறை காட்டிக்கொடுக்கும். புளியின் வைரமே கறுப்பு, அதில் எந்தக் கறையைத் தேடுவது? மரம் கொண்டுவருகிறவர்களைக் கேட்டால், "சேச்சே, எங்க மரத்துல ஆணியா, இல்லீங்க" என்பார்கள். தன் வீட்டுப் பெண்ணுக்குப் பேய் பிடித்தது என்று வண்டிக்காரன் முன்னால் எவன் சொல்வான்? அவர்கள் போனதும் ஜெபமாலை வாய்க்கு வந்தபடி ஏசுவார். "அவனவன் வீட்டுப் பேய நம்ம தலையில எறக்கிட்டுப் போறான் பாரு. ஒரு வார்த்த சொன்னா கௌரவம் கொறஞ்சுருமாம்."

இந்த ஏச்சை ஏசிய வாய்தான் பின்னால் மூடிக்கொண்டது.

அவர் ஆவூர்ப் பக்கத்திலிருந்து வந்து பட்டறைக்குப் பக்கத்து ஊரில் குடியேறிய கத்தோலிக்க வேதக்காரர். திருவிழாவில் சப்பரத்தின் முன்கொம்பு அவர் தோளில்தான் இருக்கும். தவசுகாலத்தில் உபதேசியார் இல்லாத நாளில் ஜெபம் சொல்லவும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆரோக்கியமுத்து என்பவர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தாயத்துக் கட்டியதைக் கண்டுபிடித்துப் பங்குச் சாமியாரிடம் சொன்னவரும் ஜெபமாலையே. அந்த மனிதர் அதற்குத் தண்டனையாக ஞாயிற்றுக்கிழமைப் பூசை முழுக்கக் கோயில் நடுவில் முழங்காலில் நின்றார். ஜெபமாலை முன்வரிசையில் நின்று அதைப் பார்த்தார்.

அதற்கு அடுத்த வருஷம் ஜெபமாலையின் குழந்தை இறந்துபோனது. மனைவி சந்தனமேரி அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, முடியை விரித்துப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். திடீர் திடீரென்று வேறு குரலில் கத்தினாள். தீர்த்தம் தெளித்தார்கள், நேர்ச்சை வைத்தார்கள், டவுன் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஜெபமாலை ஊரில் யாருக்கும் சொல்லாமல், உறவுக்காரர் வீட்டுக்குப் போவதாகப் பெயர் பண்ணிக்கொண்டு, குடுமியான்மலைப் பக்கம் ஒரு கோடாங்கியிடம் அவளை வண்டியில் ஏற்றிப் போனார்.

அந்தி நேரம். கோடாங்கி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு திசை சொல்வான், சந்தனமேரிக்கு மேற்கு. ஜெபமாலைதான் மனைவியின் தோளை மரத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். சூரியன் அவள் முகத்தில் அடிக்க, கோடாங்கி மரத்தில் நெஞ்சு உயரத்தில் அவள் முடியோடு ஆணியை இறக்கினான். எதனால் என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் அவள் தேறிவிட்டாள். ஒரு மாதத்தில் ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போனாள், சிரித்தாள். ஜெபமாலை அதற்குப் பிறகும் சப்பரத்தின் முன்கொம்பைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தார்.

வருஷங்கள் போயின. ஒரு கோடையில் சூறைக்காற்று அடித்து எத்தனையோ மரங்கள் சாய்ந்தன. செல்லமுத்து என்ற விவசாயச் சம்சாரி இரண்டு வண்டிகளில் புளியமரம் ஒன்றைத் துண்டுகளாகக் கொண்டுவந்து பட்டறையில் இறக்கினார். அடித்துண்டைப் பார்த்ததும் ஜெபமாலை அங்கேயே நின்றுவிட்டார். அடியில் தீப்பட்டுக் கருகிய பொந்து, அதற்குச் சற்றுத் தள்ளிக் காளையின் திமில் போல ஒரு புடைப்பு. அன்று அந்தியில் மனைவியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்ற அதே மரம்.

"ஆணி கீணி இருக்கா?" என்று ஆத்மநாதன்தான் கேட்டார்.

"அதெல்லாம் இல்லீங்க. வயக்காட்டு மரங்க" என்றார் செல்லமுத்து, வண்டிமாட்டைப் பார்த்துக்கொண்டு.

ஜெபமாலை வாச்சியை எடுத்துப் பட்டையைச் செதுக்கினார். வெளியே தெரிந்த ஆணிகள் சில அங்கங்கே அகப்பட்டன. குறடு போட்டுப் பிடுங்கினார். மூக்கன் சிரித்தான். "வயக்காட்டுல பேய்க்கு நல்ல வெளச்சல் போல." எல்லோரும் சிரித்தார்கள், செல்லமுத்துவைத் தவிர. ஜெபமாலையும் சிரித்துவைத்தார்.

ஆனால் அவர் தேடியது கிடைக்கவில்லை. மேற்கு என்பது மட்டும் தெரியும். நிற்கிற மரத்துக்கு மேற்கு உண்டு, கிடக்கிற மரத்துக்கு ஏது? அந்தப் பொந்து எந்தத் திசையைப் பார்த்து இருந்தது என்று ஒரு வார்த்தை தெரிந்தால் போதும், உளியை நேராக அங்கே வைத்துவிடலாம். வண்டி பூட்டிக்கொண்டிருந்த செல்லமுத்துவிடம் போனார்.

"ஏங்க, இந்தப் பொந்து இருக்குல்ல..."

"ஆமாங்க, பொந்துக்கு என்ன?"

செல்லமுத்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். பார்த்தாரோ, பார்த்தது மாதிரி ஜெபமாலைக்குத் தோன்றியதோ. அந்தக் கோடாங்கியின் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். அன்றைக்கு அந்தியில் வயலில் யார் யாரோ நின்றார்கள். இவரும் நின்றிருந்தால்? ஏன் கேட்கிறீர்கள் என்று இத்தனை பேர் முன்னால் திருப்பிக் கேட்டுவிட்டால்?

"ஒண்ணுமில்லீங்க" என்றார் ஜெபமாலை. வண்டி போய்விட்டது.

மறுநாள் யாரும் வருவதற்கு முன்பே வந்து, நெஞ்சு உயரத்தைக் கணக்குப் பண்ணி, இரண்டு மூன்று இடத்தில் உளியால் தோண்டினார். வெறும் மரம்தான் வந்தது. ஆத்மநாதன் வந்ததும், "இந்த அடித்துண்டு வேணாம் மொதலாளி, உள்ள சொத்த இருக்கும் போல. வெறகுக்குத் தள்ளிரலாம்" என்று சொல்லிப் பார்த்தார்.

ஆத்மநாதன் சுத்தியலால் தட்டினார். "என்ன ஜெபமாலை, கல்லு மாதிரி இருக்கு. இதப் போயி அடுப்புல வைக்கச் சொல்றே? ஒனக்குச் சந்தேகம்னா சொல்லு, வச்சுருவோம். ஏன்னு சொல்லு."

முதலாளி நியாயமாகத்தான் கேட்டார். காரணம் சொன்னால் விட்டுவிடுகிற மனிதர். இந்த இடத்தில் ஜெபமாலைக்காகப் பேச எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரி முடி அதில் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அது முடியாவிட்டால் யாரோ சொன்னார்கள் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். பொய் சொல்லத் தெரியாத மனிதர் இல்லை, அத்தனை வருஷமும் பொய்யாகத்தானே சப்பரம் தூக்கினார்? ஆனால் அந்த நிமிஷத்தில் அவருக்குக் கோயில் நடுவில் முழங்காலில் நிற்கிற ஆரோக்கியமுத்துதான் கண்ணில் தெரிந்தார். அவருடைய இடத்தில் இப்போது ஜெபமாலை. ஊர் முழுவதும் பார்க்கிறது. "இல்ல மொதலாளி, சும்மா ஒரு இதுதான்" என்றார். ஆணி விழுந்திருக்கும், துருப்பிடித்துக் கரைந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அன்று வாளை இருமுறை தட்டிப் பார்த்தார். புதிதாக அரம் போட்டார். எஞ்சின்காரரிடம் வேகத்தைக் குறைக்கச் சொன்னார். மூக்கனிடம் போய், "இன்னைக்குக் கொஞ்சம் தள்ளியே நில்லு" என்றார்.

"தள்ளி நின்னா எப்படி மேஸ்திரி இழுக்குறது? ஏன், என்ன சங்கதி?"

"ஒண்ணுமில்ல. கனத்த மரம். அதான்."

வாள் மரத்துக்குள் இறங்கியது. ஜெபமாலை வழக்கம்போல ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று மெதுவாகத் தள்ளினார். அவர் காது முழுக்க வாளின் சத்தத்தில் இருந்தது, கண் முழுக்க மரத்தில் இருந்தது. எதிரே மூக்கனின் கொக்கி அந்த இறுகிய வைரத்தில் பிடிக்காமல் நழுவி நழுவி விழுந்ததை அவர் பார்க்கவில்லை. வேறு நாளாக இருந்தால் பார்த்திருப்பார், ஒரு அதட்டலில் வாளையே நிறுத்தியிருப்பார். மூக்கன் கொக்கியைக் கீழே போட்டுவிட்டு, பிளந்து வந்த மரத்தை இடது கையால் பற்றினான்.

கிறீச்சென்று ஒரு சத்தம். நெருப்புப் பொறி பறந்தது. வாள் அந்த அடித்துண்டை அப்படியே பின்னால் எறிந்தது. ஜெபமாலையின் இடுப்பை உரசாமல் அது அவரைத் தாண்டிப் போய்ச் சுவரில் மோதியது. அவர் சட்டப்படி நின்றிருந்தார், அவருக்கு ஒரு சிராய்கூடப் படவில்லை. மரத்தைப் பற்றியிருந்த மூக்கனின் கையை அது வாளுக்குள் இழுத்துக்கொண்டு போயிருந்தது.

இடது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

மூக்கனை வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வந்து மரத்தைப் பார்த்தார்கள். அறுபட்ட வாயில் ஆணி பளபளவென்று தெரிந்தது. அதைச் சுற்றி நசுங்கிப்போன முடி. ஜெபமாலை தோண்டிய இடத்திலிருந்து ஒரு சாண்கூட இல்லை. மரம் தூக்குகிற கூலி ஆட்கள் காறித் துப்பினார்கள். "எவன் பொண்டாட்டி முடியோ. அந்தப் பய ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த மனுஷன் கை இருந்திருக்கும்ல. அவன் வெளங்குவானா?" அந்தப் பயல் அவர்களுக்கு நடுவில்தான் நின்றார். ஆமாம் என்று தலையாட்டினார்.

ஆத்மநாதன் வேறு கணக்குப் போட்டார். "ஆணி இருக்கட்டும் ஜெபமாலை. கொக்கியில இழுத்திருந்தா கை போயிருக்குமா?"

"போயிருக்காது மொதலாளி."

"அப்ப தப்பு அவன் மேலதானே?"

"கையால தொடக் கூடாதுங்கிறதுதான் சட்டம்" என்றார் ஜெபமாலை. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வாழ்நாளில் அவர் சொன்னதிலேயே கேவலமான சொல் அதுதான்.

ஆஸ்பத்திரியில் மூக்கன் கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருந்தான். அவன் மனைவி மீனம்மாள் காலடியில் உட்கார்ந்திருந்தாள். மேஸ்திரியைக் கண்டதும் அவன் எழ முயன்றான். வலது கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தள்ளி நில்லுன்னு சொன்னீங்க. நாந்தான் கேக்கல. கைய வச்சுட்டேன். ஒங்க பேருக்குக் களங்கம் வந்துருச்சே மேஸ்திரி, மன்னிச்சுக்கங்க."

ஜெபமாலை வாயைத் திறந்தார். "ஒடம்பப் பாத்துக்க" என்று மட்டும் வந்தது. அவன் பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

சனிக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். கோபப்பட்டேன் சாமி என்றார், வெள்ளிக்கிழமை ஒருசந்தி நோன்பை மறந்துவிட்டேன் என்றார். அதற்கு மேல் அங்கேயும் சொல்ல வரவில்லை. சாமியார் மன்னிப்புக் கொடுத்து அனுப்பினார். அந்த மன்னிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்கு வந்தார்.

சந்தனமேரிக்கு ஊர்ப்பேச்சு எட்டியிருந்தது. மத்தியானச் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஆணியும் முடியுமா இருந்துச்சாமே. எந்தப் பக்கத்து மரம்?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"குடுமியான்மலைப் பக்கமா?"

"ம்."

"மரம் வந்தப்பவே ஒங்களுக்குத் தெரியுமா?"

அவர் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவளுக்குக் கோபம் வந்து அவர் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தார்.

"என் முடிய மறைக்கிறதுக்கு அந்த அண்ணன் கையக் குடுத்துட்டு வந்தீங்களா? என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா? நான் வந்து சொல்லியிருப்பேனே."

"ஊர்ல... ஒன்னையத்தான் பேசுவாங்கன்னு..."

"என்னையவா? புள்ள செத்து நான் கெடந்தேன். அது எனக்கு நோவு. ஒங்களுக்குத்தான் வெக்கம். என் பேரச் சொல்லி ஒங்க வெக்கத்த மூடாதீங்க." எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எந்திரிங்க. போவோம்."

அவள் முன்னால் நடந்தாள், அவர் பின்னால் போனார். மூக்கன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தான். நல்ல வெயில் நேரம், தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. "வாங்க மேஸ்திரி, வா தங்கச்சி" என்று அவன் கயிற்றுக்கட்டிலில் இடம் ஒதுக்கினான். மீனம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். சந்தனமேரி உட்காரவில்லை.

"அண்ணே, அந்த ஆணியில இருந்தது என் முடிண்ணே" என்றாள்.

மூக்கனுக்கு முதலில் புரியவில்லை. அவள் மறைக்காமல் முழுக்கச் சொன்னாள். குழந்தை இறந்தது, தான் கிடந்த கிடை, கோடாங்கி, மேற்குப் பக்கம். சொல்லி முடித்து, "மிச்சத்த இவரு சொல்லட்டும்" என்று ஒதுங்கிக்கொண்டாள்.

ஜெபமாலை நின்றபடியே சொன்னார். மரம் வண்டியிலிருந்து இறங்கும்போதே தெரியும் என்றார். பொந்தைப் பற்றிக் கேட்கப் போய்க் கேட்காமல் வந்ததைச் சொன்னார். தள்ளி நில் என்று சொன்னது அதற்காகத்தான் என்றார். மூக்கன் தன் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தான். மீனம்மாள் செம்பைக் கீழே வைத்துவிட்டு வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

"நான் கையால தொட்டது தப்புத்தான்" என்றான் மூக்கன். "அத விடுங்க. வெக்கப்பட்டுச் சொல்லாம விட்டுட்டீங்க, அதுவும் போகட்டும். நானும் ஆம்பளதான், எனக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில ஒங்க கையப் புடிச்சுக்கிட்டு மன்னிச்சுக்கங்கன்னு கேட்டேனே நானு. அதையும் கேட்டுக்கிட்டு நின்னீங்களே."

ஜெபமாலைக்குக் கண்ணீர் வழிந்தது.

"மன்னிச்சுரு மூக்கா" என்றார்.

மூக்கன் தன் மனைவி பக்கம் திரும்பி, "தங்கச்சி வெயில்ல வந்துருக்கு. கஞ்சி இருந்தா ஊத்து" என்றான். பிறகு அவரை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னான்: "நீங்க போங்க மேஸ்திரி. அது குடிச்சுட்டு வரட்டும்."

சந்தனமேரி கணவனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மீனம்மாளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். ஜெபமாலை குனிந்து வாசலைத் தாண்டி வெளியே வந்தார். உள்ளே பெண்கள் இரண்டு பேரும் அழுகிற சத்தமும், நடுவில் மூக்கன் ஏதோ ஆறுதல் சொல்கிற சத்தமும் கேட்டன. அவளுக்காகக் காத்திருக்கலாமா, போய்விட வேண்டுமா என்று தெரியாமல் அவர் அந்தத் தெருவிலேயே நின்றார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.